மயிலுக்குக் கட்டிய சி.டி.

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை விடியற்காலை, சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு டீக்கடைக்கு எதிரில், வெங்காய லோடு ஏற்றி வந்த லாரி மோதி, வெண்ணந்தூரைச் சேர்ந்த தறிக்காரர் வேலுசாமி இறந்தார். லாரியை ஓட்டியவன் எலச்சிபாளையம் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கும் சந்தோஷ்குமார்.

பைக்கை ஓரமாக நிறுத்தி மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் மேல் லாரி ஏறியதாக வழக்கு. பைக்தான் ராங் சைடில் குறுக்கே வந்தது என்று சந்தோஷ்குமார் அன்றிலிருந்து சொல்லிவந்தான். மகன் கவின் தலைமேல் கைவைத்துச் சத்தியமும் செய்திருந்தான்.

டீக்கடையில் கேமரா இருந்தது. கடைக்காரர் அன்பரசு, கேமரா மாட்டிக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டு, அந்த விடியற்காலையை மட்டும் ஒரு சி.டி.யில் ஏற்றி, தேடிப் போன மருதாசலத்திடம் கொடுத்தார். மருதாசலம் சந்தோஷ்குமாரின் அப்பா.

“வண்டி வர்றது தெளிவா உழுந்திருக்குதுங்க. அதுக்கு மேல நான் பாக்கலீங்க. ஒரு ஆள் சாவறத எப்படீங்க ஒக்காந்து பாக்கறது” என்று அன்பரசு சொன்னார். ரோடு வேலைக்காகப் பிறகு அந்தக் கடை இடிபட்டது. கேமராப் பெட்டி தகரத்தோடும் பாய்லரோடும் பழைய இரும்புக்குப் போனது.

வக்கீல் ஆனந்தகுமார் சி.டி.யை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த லேப்டாப்பின் நாலு ஓரத்தையும் பார்த்தார்.

“இதுல சி.டி. போடற எடமே இல்லீங்களே. இப்பெல்லாம் யாருங்க அத வெக்கறாங்க. நம்ம பக்கச் சாட்சி வர்றப்ப நானே கேக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருங்க.”

மருதாசலத்துக்குப் பத்திரமான இடம் டி.வி. ஸ்டாண்டின் கீழ் அறை. வீட்டில் சி.டி. என்று இருந்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. கல்யாணப் படம், கவினுக்குக் காது குத்திய படம், சந்தையில் வாங்கிய சினிமாக்கள். பிளேயர் ரிப்பேராகி ரொம்ப நாளாயிற்று. அந்த அடுக்கில் நடுவே அதையும் செருகினார். அதற்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் வீடே அதை நம்பித்தான் எழுந்தது, படுத்தது.

லைசென்ஸ் போன பிறகு சந்தோஷ்குமார் தீவன மில்லில் மூட்டை தூக்கப் போனான். மனைவி சண்முகப்பிரியா வெடியால கோழிப்பண்ணைக்குப் போய் முட்டை எடுத்து அட்டையில் அடுக்கிவிட்டு, வெயில் ஏறும் முன் வந்து காட்டு வேலையைப் பார்த்தாள். அவனுக்குத் தூக்கம் விட்டுப்போயிருந்தது. படுத்திருப்பான், கண் திறந்தே இருக்கும். “சி.டி. இருக்குதல்ல புள்ள?” என்பான். “இருக்குதுங்க” என்பாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வான்.

2023இல் மக்காச்சோளம் பால் பிடித்த சமயத்தில் காட்டில் மயில் இறங்கியது. கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் கதிருக்கு நடுவே கழுத்து கழுத்தாகத் தெரியும். சோளத் தட்டைச் சாய்த்து, கதிரை உரித்து, ஒவ்வொன்றிலும் நாலு கொத்துக் கொத்திவிட்டு அடுத்ததுக்குப் போகும். டப்பா தட்டினார்கள். பழைய சேலை கட்டினார்கள். கட்டின சேலைக்கு அடியிலேயே நின்று மேய்ந்தது.

“அக்கட்டாலத் தோட்டத்துல பழைய சி.டி.யக் கட்டி உட்டிருக்கறாங்களாமா” என்றாள் மாமியார் குப்பாயி. “பளபளன்னு ஆடுதாமா, மயிலு கிட்டவே வாரதில்லையாமா. நம்மூட்ல ஒரு பொட்டி சும்மாதான கெடக்குது.”

சண்முகப்பிரியா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். அறையில் இருந்ததை மொத்தமாக மடியில் போட்டுக்கொண்டு போய், நைலான் நூலை ஒவ்வொன்றின் ஓட்டையிலும் கோத்து முடிச்சுப் போட்டு, குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினாள். கல்யாணப் படத்தை மட்டும் அதன் கவரில் படம் இருந்ததால் எடுத்து வைத்தாள். மயில் குறைந்தது. சோளம் தப்பியது. அடுத்த வெள்ளாமைக்கும் நூலை அவிழ்க்கவில்லை.

2024 ஆகஸ்டில் வக்கீல் போன் செய்தார். “அவங்க பக்கச் சாட்சி முடிஞ்சிருச்சுங்க. அடுத்த வாய்தாவுக்கு அந்த சி.டி. வேணும். ஓடற மாதிரி ஒரு லேப்டாப்பும் எங்கியாச்சும் பாத்துக் கொண்டாங்க. அதுதாங்க நமக்கு இருக்கற ஒரே புடி.”

போனை எடுத்தவள் சண்முகப்பிரியா. சரிங்க, சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டு டி.வி. ஸ்டாண்டின் முன்னால் குத்தவைத்தாள். அறையைத் திறந்தாள். கல்யாண சி.டி. ஒன்று மட்டும் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. செருப்புக்கூடப் போடாமல் காட்டுக்கு ஓடினாள்.

குப்பாயி வரப்பில் மாட்டுக்குச் சோளத் தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் நூலைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு சி.டி.யாகப் புரட்டுவதைப் பார்த்து அரிவாளைக் கீழே வைத்தாள்.

“என்ன புள்ள பண்ற? மயிலு எதையாச்சும் அத்துப் போட்டுருச்சா?”

“இல்லீங்கத்தை. கேஸு சி.டி.”

“கேஸு சி.டி.க்கு என்ன?”

“மாமா அத சினிமாவோட சேத்து வெச்சிருந்தாருங்க. நான் எல்லாத்தையும் கொண்டாந்து கட்டிட்டேனுங்க.”

குப்பாயி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டாள். “நாந்தான கட்டச் சொன்னேன்” என்றாள்.

“கட்டுனது நானுங்க.”

“இப்ப அதுல என்ன பங்கு பிரிக்கறது. தேடு.”

இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு வருச வெயில். எழுத்தெல்லாம் போயிருந்தது. சினிமா சி.டி.களின் மேல் நடிகர் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. சிலது வெடித்திருந்தது. பாதிக்கு மேல் குருவி எச்சம். கிணற்று ஓரத்துக் குச்சியில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றில், பேனாவால் போட்ட தேதியின் தடம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தது. அடிப்பக்கம் பச்சையாக இருந்தது இப்போது மோர்த் தண்ணி போல வெளுத்திருந்தது. நூல் உரசி உரசி ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் தேய்ந்திருந்தது.

“இதுதானா சாமி?” என்றாள் குப்பாயி.

“இதுதானுங்க.”

“ஓடுமா?”

சண்முகப்பிரியா முந்தானையால் துடைக்கப் போனாள். மண் கீறும் என்று தோன்றவே நிறுத்திக்கொண்டாள். “அவருகிட்ட இப்பச் சொல்ல வேண்டாங்கத்தை.”

“உன்ற மாமனுக்கும் சொல்ல வேண்டாம். அந்த மனுசன் பத்திரமா வெச்ச லட்சணத்துக்கு நெஞ்சப் புடிச்சுட்டு உழுந்துருவாரு.”

நாத்தனார் தனப்பிரியா திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கும்போது வாங்கிய தடித்த லேப்டாப் ஒன்று பீரோ மேல் இருந்தது. ஓரத்தில் சி.டி. தட்டு உண்டு. சண்முகப்பிரியா சார்ஜரைச் செருகி, சி.டி.யை வைத்துத் தள்ளினாள். உள்ளே கர்ர் என்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கல்யாண சி.டி.யைப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் அதே கர்ர்தான். ஆத்தூரில் வாக்கப்பட்டிருந்த தனப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

“அது நான் படிக்கறப்பவே படிக்காதுங்கண்ணி” என்றாள் தனப்பிரியா. “டிரைவயே மாத்தணும். என்கூடப் படிச்ச ஜெர்ரின்னு ஒருத்தன் சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல கடை வெச்சிருக்கறான். சூசைமாணிக்கம் வாத்தியார் பையன். நான் சொல்லி வெக்கறேன், லேப்டாப்பையும் சி.டி.யையும் எடுத்துட்டுப் போங்க. ஏங்கண்ணி, எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“வாய்தா வருதுல்ல.”

“சி.டி. நல்லாத்தான இருக்குது?”

“போயிட்டு வந்து சொல்றேன் சாமி.”

தோசைக்கல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாமியாரும் மருமகளும் சேலம் பஸ் ஏறினார்கள். குப்பாயி எலுமிச்சஞ்சோறு கட்டி எடுத்துக்கொண்டாள். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். சண்முகப்பிரியா சி.டி.யைக் கவினின் பழைய பருத்திச் சட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

வழி நெடுக அவளுக்குக் கோர்ட்டில் பார்த்த கந்தம்மாளின் நினைப்பு. வேலுசாமியின் மனைவி. இரண்டு வாய்தாவுக்கு முன்னால், கோர்ட்டுக் குழாயடியில் இவள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க அந்த டிரைவரோட சம்சாரமுங்களா?”

“ஆமாங்க.”

“உங்களோட சண்ட புடிக்க வரலீங்க. அவரு தண்ணியப் போட்டுட்டு ராங்ல வந்தாருன்னு உங்க வக்கீலு கேக்கறாருங்க. எங்கூட்டுக்காரரு பீடி கூடத் தொடாத ஆளுங்க. தறிக்கு நூலு பாவு வாங்கப் போனவருங்க. கேஸு எப்படியோ போவட்டும். அது ஒண்ண மட்டும் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

சண்முகப்பிரியா பாட்டிலை மூடினாள். சி.டி. இருக்கிறது, அதில் தெரிந்துவிடும் என்று மட்டும் மனதில் நினைத்துக்கொண்டாள்.

ஜெர்ரியின் கடை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பிரித்துப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். சட்டையைப் பிரித்து சி.டி.யை எடுத்ததும் அவன் முகம் மாறியது.

“என்னக்கா இது, ரோட்ல கெடந்துதா?”

“காட்டுல கட்டியிருந்தோம் தம்பி. மயிலுக்கு.”

“மயிலுக்கா?” சிரிக்க வந்தவன் அவர்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். “எங்க மாமா ஊட்லயும் கொய்யா மரத்துல கட்டியிருக்காங்க. அதுக்குன்னு கேஸ் சி.டி.யவா கட்டறது?”

“அது தெரியாமத்தான் இப்ப உங்கிட்ட வந்து நிக்கறோம்” என்றாள் குப்பாயி. “திட்டறதுன்னா அப்பறமாத் திட்டிக்க சாமி. மொதல்ல பாரு.”

அவன் சோப்புத் தண்ணீரில் சி.டி.யைக் கழுவினான். வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக விரலால் வழித்தான். காயவைத்து, கடையில் இருந்த தனி டிரைவில் போட்டான். சுற்றியது, ஒன்றும் காட்டவில்லை. இன்னொன்றில் போட்டான். அதுவும் காட்டவில்லை.

“நூல் தேச்ச எடம் இருக்கு பாருங்க, ஓட்டையச் சுத்தி. அங்கதான் மொதல்ல படிக்க ஆரம்பிக்கும். அங்கயே தடுமாறுது. போதாததுக்கு வெயில்ல வெளுத்திருக்கு. இப்ப வர்ற டிரைவெல்லாம் ரெண்டு தடவ பாத்துட்டுக் கைவிட்டுரும்.” மேல் தட்டில் துழாவி ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தான். “இது பழைய ஸ்டாக். எழுதற டிரைவ். எழுதறதோட லென்ஸ் கொஞ்சம் பொறுமையா படிக்கும். ஆனா இது லேப்டாப்புக்குள்ள போடறது, தனியா ஓடாது. தனாவோட லேப்டாப்புல இத மாத்திப் பாப்போம். உறுதியெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா.”

“மாத்துங்க.”

லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றினான். அடியில் ஒரே ஒரு திருகு. அதை எடுத்துவிட்டு நெம்பியதும் பழைய டிரைவ் ஓரமாக நழுவி வெளியே வந்தது. அதன் இடுக்கில் தூசி பஞ்சாக அடைந்திருந்தது. பழையதன் முகப்புப் பட்டையையும் பின்னால் இருந்த சின்னத் தகரத்தையும் கழற்றிப் புதியதில் மாட்டினான். தள்ளினான். உள்ளே போய் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள் குப்பாயி.

“அவ்வளவுதாம்மா.”

“இதுக்கா ஒரு வாரம் சோறு எறங்கல எனக்கு.”

ஜெர்ரி சி.டி.யை வைத்தான். சுற்றியது. வேகம் கூடியது, குறைந்தது, நிற்கப் போவது போல இழுத்தது. சண்முகப்பிரியாவின் கை மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. திரையில் ஒரு சின்னப் படம் முளைத்தது. அதன் கீழே அந்தத் தேதி.

“எடுத்துருச்சுக்கா” என்றான் ஜெர்ரி. “இப்ப ஓட்ட வேண்டாம். மொதல்ல லேப்டாப்புக்குள்ள காப்பி பண்ணிக்கலாம். இன்னொரு வாட்டி படிக்குமான்னு தெரியல.”

அந்தக் காப்பி ஊர்ந்தது. பச்சைக் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும், டிரைவ் உள்ளே முனகும். ஒரு இடத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. ஜெர்ரி சி.டி.யை வெளியே எடுத்து மறுபடி துடைத்து வைத்தான். வெளியில் மழை தூறிவிட்டது. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தார்கள்.

“ஒரு வாயி தின்னு.”

“எறங்கலீங்கத்தை.”

“அவன் நெனப்பா?”

“தூங்க மாட்டேங்கறாருங்க. சி.டி. இருக்குதான்னு கேட்டாத்தான் கண்ணு மூடறாரு. நேத்தும் கேட்டாரு. இருக்குதுன்னு சொன்னேன்.”

“பொய்யில்லையே. இருக்கத்தான செஞ்சுது, காட்டுல.” குப்பாயி சோற்றை உருட்டி மருமகள் கையில் வைத்தாள். “மூணு நாளா வண்டியோட்டிட்டு வந்திருக்கறான் அந்தத் தடவ. மாத்து டிரைவரும் இல்ல. போன்ல எங்கிட்டச் சொன்னான், ‘கண்ணெல்லாம் எரியுதும்மா’ன்னு. ஓரங்கட்டிப் படுடான்னேன். வெங்காயம் அழுவிரும், மொதலாளி கத்துவாருன்னான்.” கையைக் கழுவிக்கொண்டாள்.

மழை விட்டபோது ஜெர்ரி கூப்பிட்டான். “வந்துருச்சுக்கா. நடுவுல கொஞ்சம் கட்டம் கட்டமா ஒடையும். ஆனா முழுசா இருக்கு. நான் இன்னும் பாக்கல.”

குப்பாயி படியிலிருந்து எழவில்லை. “நான் வரல. நீ பாத்துட்டு வந்து சொல்லு சாமி.”

கேமரா டீக்கடைக் கூரைக்கு அடியில் இருந்திருக்கிறது. ஓரத்தில் பாய்லர் ஆவி. எதிரே ஈரமான ரோடு. ஒரு பைக் வந்தது. போகவேண்டிய பக்கத்திலேயே, போகவேண்டிய திசையிலேயே வந்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி நின்றது. வேலுசாமி வண்டியை ஸ்டாண்டு போட்டார். பெட்ரோல் டேங்கில் கட்டியிருந்த பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். மழைக்கோட்டைத் தலை வழியாகக் கழற்ற முயன்றார். கோட்டு தலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் மூடியபடி நின்றார்.

பின்னால் லாரி வந்தது. அது வேகமாகக்கூட வரவில்லை. ரோடு நேராகப் போக, லாரி கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்தது. பழகின மாடு தன் பாட்டுக்குக் கட்டுத்தறிக்குத் திரும்புவது போல வந்தது. ஆரன் அடித்த மாதிரித் தெரியவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. குறுக்கே எதுவும் வரவில்லை. ராங் சைடில் எதுவும் இல்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடி கூடியபோது லாரி புளியமரத்தடியில் நின்றிருந்தது. கதவைத் திறந்து சந்தோஷ்குமார் இறங்கினான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான், எழுந்து வந்தவன் தேய்ப்பது போல.

சண்முகப்பிரியா அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்லவில்லை. தூங்கினவனுக்குத் தான் தூங்கியது தெரியாது. அடித்த சத்தத்தில் கண் திறந்தபோது முன்னால் பைக் இருந்திருக்கும். அது வந்ததாகத்தான் அவனுக்குத் தோன்றியிருக்கும். பிள்ளை தலைமேல் கைவைத்துச் செய்த சத்தியம். அதில் தொங்கிக்கொண்டுதான் அவன் மூட்டை தூக்குகிறான், சாப்பிடுகிறான், கொஞ்சமாவது கண் மூடுகிறான்.

ஜெர்ரி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். “பென் டிரைவ்ல போட்டுத் தரவாக்கா?”

“வேண்டாந் தம்பி. இது உங்க கம்ப்யூட்டர்ல எங்கியாச்சும் தங்கியிருக்குமா?”

“இல்லக்கா. உங்க லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு.”

“அழிச்சிருங்க.”

அவன் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தான். “நான் அழிக்க மாட்டேன்க்கா. எப்படின்னு காட்டறேன். நீங்களே யோசிச்சுச் செய்யுங்க.”

காட்டினான். அவள் விரலை வைத்து எடுக்க நேரமாகவில்லை.

“தனா கேட்டா படிக்கலைன்னு சொல்லிருங்க.”

“அவகிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லிக்கங்க” என்றான். சி.டி.யை எடுத்துக் கவினின் சட்டையிலேயே சுற்றிக் கொடுத்தான்.

படியில் குப்பாயி எழுந்து நின்றிருந்தாள். “என்ன சாமி?”

“வரலீங்கத்தை. படம் எல்லாம் அழிஞ்சு போச்சுங்க.”

குப்பாயி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு லேப்டாப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வரலைன்னா வரல. நட, பஸ்ஸு போயிரும்.”

பஸ் கொண்டலாம்பட்டி தாண்டியது. “தோசைக்கல்லு வாங்கல” என்றாள் குப்பாயி. அதற்கப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், மில்லிலிருந்து வந்ததும் சந்தோஷ்குமாரிடம் சண்முகப்பிரியாவே சொன்னாள். தவிட்டுத் தூசி அப்பிய சட்டையோடு வாசலில் நின்று கேட்டான்.

“மயிலுக்குக் கட்டுனயா?”

“ஆமாங்க.”

“நானு தெனமும் கேட்டனே. இருக்குதுன்னு சொன்னயே.”

“தெரியாமச் சொல்லிட்டனுங்க.”

“அதுல ஒருக்காப் பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமே, அவன் எப்படி வந்தான்னு. நாலு சோளக் கருதுக்காவ என்னைய உள்ள தள்ளிட்டயே புள்ள.”

“ஆமாங்க” என்றாள்.

மருதாசலம் உள்ளேயிருந்து வந்து, தான்தான் சினிமாவோடு சேர்த்து வைத்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். “நீங்க சும்மா இருங்க” என்று குப்பாயி அதட்டினாள். சந்தோஷ்குமார் தொட்டிக்குப் போய்த் தலையில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அவன் மனைவியோடு பேசவில்லை. தட்டில் போட்டதைத் தின்றான்.

சண்முகப்பிரியா வக்கீலிடம் போய் ஒன்றை மட்டும் கேட்டாள். வேலுசாமி குடித்திருந்தார் என்று வாதத்தில் சொல்ல வேண்டாம் என்றாள். “சி.டி.யும் இல்லாம அதையும் உட்டுட்டு நான் என்னம்மா பேசறது” என்றார் ஆனந்தகுமார். ஆனாலும் அவள் சொன்னபடியே, குடிப் பேச்சை எடுக்காமல் பேசினார்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தீர்ப்பு வந்தது. பைக் சாலையோரத்தில் நின்றிருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சந்தோஷ்குமாருக்கு ஓராண்டுச் சிறை. ஆனந்தகுமார் மேல்முறையீட்டு மனு தயாரித்தார். விபத்தைப் பதிவு செய்த சி.டி., குடும்பத்தார் கவனக்குறைவாகப் பயிர்க்காவலுக்குக் கட்டியதால் வெயிலில் சேதமடைந்து, படிக்க இயலாமல் போய்விட்டது என்று அதனுடன் ஒரு உறுதிமொழி இணைக்கப்பட்டது. அதன் கீழே சண்முகப்பிரியா கையெழுத்திட்டாள்.